பிடிக்கும் கை: நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பட்டறைக் கருவிகளைக் கற்பிக்கும் முறை

மரம் அறுக்கும் சிறுவனை மேற்பார்வையிடும் பெரியவர்கள் பெரும்பாலும் ரம்பம் பிடித்த கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். காயம் படுவதோ மற்றக் கையில். வழுக்கிய ரம்பத்துக்கும், நழுவிய திருப்புளிக்கும், குறி தப்பிய சுத்தியலுக்கும் நேர் எதிரில் இருப்பவை மரத்தை அழுத்திப் பிடித்திருக்கும் பெருவிரலும் ஆட்காட்டி விரலுமே ஆகும். ஆகவே ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குக் கருவிகளைப் பழக்க முற்படும் ஆசிரியர் ஒவ்வொரு கருவியை எடுக்கும்போதும் முதலில் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தக் கருவி ஓடும்போது பொருளைப் பிடித்திருப்பது எது? வைஸ் (மேசையில் பொருத்திய பிடிப்பு இடுக்கி) அல்லது கிளாம்ப் (கழற்றி மாட்டக்கூடிய பிடிப்புக் கவ்வி) என்பது விடையானால் பாடத்தைத் தொடரலாம். பிள்ளையின் கை என்பது விடையானால், அதற்கு ஒரு மாற்று ஏற்பாடு செய்யும்வரை அந்தக் கருவியை வெளியே எடுக்கக் கூடாது.

மதுரை வட்டாரத்தில் இதை வலியுறுத்துவதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துப் பிள்ளைகள் கருவிகளை அறியாதவர்கள் அல்லர். தரையில் அமர்ந்து, மரக்கட்டையைப் பாதத்தால் அழுத்திக்கொண்டு உளி வைக்கும் தச்சரை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அரிவாள்மணையைக் காலால் மிதித்துக்கொண்டு, அசையாத வாயை நோக்கிக் காயை நகர்த்தும் தாயைத் தினந்தோறும் பார்க்கிறார்கள். பல ஆண்டுப் பழக்கத்தால் அந்தக் கைகளுக்கும் கால்களுக்கும் வந்த கணக்கு பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வந்திராது. ஆனால் பார்த்த முறை மனத்தில் பதிந்திருக்கும். ரம்பத்தைக் கையில் கொடுத்த மறுகணமே பிள்ளை தானாகக் குந்தி உட்கார்ந்து கட்டையின் மேல் காலை வைக்கும். அது தவறென்று அதட்டுவதைவிட, பள்ளிப் பட்டறையில் எல்லா வேலையும் நின்றுகொண்டே, மேசையின் மேல்தான் நடக்கும் என்று முதல் நாளிலேயே வழக்கமாக்கிவிடுவது நல்லது.

இடமும் நேரமும்

மேசை ஆடக் கூடாது. பழைய வகுப்பறை டெஸ்க்குகளைப் பட்டறை மேசையாக மாற்றும் ஆசை எல்லாப் பள்ளிகளிலும் எழும். அவை அறுக்கும் வேகத்துக்கு ஆடும், ஆடும் மேசையில் ரம்பம் தடம் மாறும். கனமான மரப்பலகை போட்ட மேசையைச் சுவரோடு சேர்த்து இரும்புப் பட்டையால் பிணைத்து, அதில் நான்கு அங்குல வைஸ்களை ஆணியால் அன்றிப் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். அரம் போடுவதற்கும் ஹேக்ஸா என்ற இரும்பறுக்கும் ரம்பத்தால் அறுப்பதற்கும் வைஸின் வாய் பிள்ளையின் முழங்கை உயரத்தில் இருப்பது பொருத்தம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் உயர வேறுபாடு அதிகம் என்பதால், மேசையை உயரமான பிள்ளைக்கு ஏற்ப அமைத்துவிட்டு, குள்ளமான பிள்ளைகளுக்கு இரு கால்களையும் அகட்டி நிற்கும் அளவுக்கு அகலமான மரப்படி ஒன்றைப் போடலாம். செங்கல்லை அடுக்கி அதன்மேல் ஏற்றி நிறுத்துவது ஆபத்தாகும்.

நாற்பது பேர் கொண்ட வகுப்பில் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் கருவி பிடிக்க இயலாது, முயலவும் வேண்டியதில்லை. ஓர் ஆசிரியரின் பார்வைக்குள் ஒரே சமயத்தில் எட்டுப் பேர் கருவியோடு இருக்கலாம் என்பது என் கணிப்பு. மற்றவர்களுக்குப் படம் வரைதல், மூலைமட்டம் வைத்துக் குறித்தல், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தல் போன்ற உண்மையான வேலைகளைக் கொடுக்க வேண்டும். வெறுமனே காத்திருக்கும் கூட்டம் மேசையை நெருக்கத் தொடங்கும். நெருக்கடியில்தான் முழங்கை இடிபடும். ஒவ்வொரு மேசையைச் சுற்றியும் தரையில் மஞ்சள் கோடு வரைந்து, கருவி பிடித்தவரைத் தவிர வேறெவரும் அதற்குள் கால் வைக்கலாகாது என்று விதிக்கலாம்.

பட்டறை வகுப்பை முற்பகலின் முதல் இரண்டு பாடவேளைகளில் வைத்துக்கொள்ளத் தலைமையாசிரியரிடம் கேட்டுப் பெற வேண்டும். மாசி முடிந்து பங்குனி பிறந்துவிட்டால் தகரக் கூரையின் கீழ் நண்பகலில் நிற்பதே கடினம். வேர்த்த உள்ளங்கையில் கைப்பிடி வழுக்கும், களைத்த பிள்ளையின் கவனம் சிதறும். மேசைதோறும் பருத்தித் துணி ஒன்று தொங்கட்டும், கை துடைப்பதற்கென்றே. வெயிலால் விளையும் இன்னொரு கேடு எளிதில் கண்ணில் படாது. சுத்தியலின் மரக்கைப்பிடி வறண்டு சுருங்குவதால் தலை தளர்ந்து, ஓங்கும்போது கழன்று பறக்கக்கூடும். தண்ணீரில் ஊறவைத்து இறுக்குவது பலரும் செய்யும் வேலை. அப்போதைக்கு மரம் உப்பி இறுகினாலும், காய்ந்தபின் முன்னைவிடத் தளர்ந்து போகும். ஆப்பை மாற்றி அடிப்பதோ புதுக் கைப்பிடி போடுவதோதான் சரியான பழுதுநீக்கம்.

உடை

துப்பட்டாவைக் கழற்றி வைக்கலாம், அல்லது குறுக்காகப் போட்டு இடுப்பில் இறுக்கி முடியலாம். இரட்டைச் சடையை மேலே மடித்துக் கட்ட வேண்டும். தொங்கும் ரிப்பனும் பூச்சரமும் துளைக்கும் கருவிக்கு அருகில் வரக் கூடாது. வளையல், கைக்கடிகாரம், மோதிரம் ஆகியவற்றைக் கழற்றிவிடலாம். கழற்ற முடியாதவை சில இருக்கின்றன: கோயில் கயிறு, தாயத்து, கார்த்திகை மார்கழியில் சபரிமலைக்கு மாலை போட்ட பிள்ளையின் துளசிமணி. அவற்றைக் கழற்றச் சொல்லி வீட்டாரின் மனத்தாங்கலைத் தேடிக்கொள்வதில் பொருளில்லை. மணிக்கட்டுக் கயிற்றின் மேல் இறுக்கமான துணிப்பட்டை ஒன்றைச் சுற்றலாம். மாலையைச் சட்டைக்குள் விட்டு மேல் பொத்தான் வரை போடச் செய்யலாம். சுழலும் கருவியை மட்டும் அந்த மண்டல காலம் முடிந்தபின் பழகிக்கொள்ளட்டும்.

விரல்களை மூடிய காலணி கட்டாயம். ஒரு கிலோ எடையுள்ள இரும்புத் துண்டு மேசையிலிருந்து விழுந்தால் ரப்பர் செருப்பு காக்காது. கண்ணாடியைப் பொறுத்தவரை, பாலிகார்பனேட்டால் ஆன, பக்கவாட்டிலும் மறைப்புள்ள பாதுகாப்புக் கண்ணாடியே வேண்டும். பார்வைக் குறைபாட்டுக்காகக் கண்ணாடி அணியும் பிள்ளைக்கு அதன் மேலேயே அணியக்கூடிய பெரிய வகை கிடைக்கிறது. கருவி பிடித்தவர் மட்டும் அணிந்தால் போதாது, மஞ்சள் கோட்டை ஒட்டி நிற்பவரும் அணிய வேண்டும். தெறிக்கும் சில்லு ஆள் பார்த்துத் தெறிப்பதில்லை. ஆசிரியர் அணியாமல் நின்றால் பாடம் அங்கேயே தோற்றுவிடும்.

ஒரு கருவியைக் கற்பிக்கும் விதம்: ரம்பம்

ரம்பத்தை விரிவாகச் சொல்கிறேன். மற்றக் கருவிகளுக்கும் இதே வரிசை பொருந்தும்.

மரத்திலிருந்து தொடங்க வேண்டும். கருவேலம், புளி போன்ற வைரம் பாய்ந்த கட்டைகள் பிள்ளையின் பொறுமையைச் சோதிக்கும். பொறுமை இழந்த கை அழுத்தும். அழுத்தினால் ரம்பம் துள்ளும். மலைவேம்பு, சில்வர் ஓக் போன்ற மென்மையான மரத்தில், ஓர் அங்குலக் கனத்துக்கு மேற்படாத சட்டங்களாக அறுத்து வாங்கி வைக்கலாம். மலிவாகக் கிடைக்கும் பேக்கிங் பெட்டி மரமும் நன்றுதான். ஆனால் அதில் ஒடிந்த ஆணி மறைந்திருக்கும் என்பதால் காந்தத்தை மேலே ஓட்டிப் பார்த்துவிட்டே கொடுக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கோடு வந்த மரத்தில் குத்தப்பட்டிருக்கும் முத்திரையையும் பார்க்க வேண்டும். ‘எச்.டி.’ என்ற எழுத்துகள் வெப்பமூட்டிப் பதப்படுத்தியதையும், ‘எம்.பி.’ என்பவை மீதைல் புரோமைடு என்ற நச்சுப்புகை இட்டதையும் குறிக்கும். பின்னதைப் பள்ளிக்குள் எடுக்க வேண்டாம்.

ஆசிரியர் முதலில் வாய் திறக்காமல், வழக்கமான வேகத்தில் ஒரு முறை அறுத்துக் காட்டட்டும். பேசிக்கொண்டே காட்டினால் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கிறார்கள். மௌனமாகச் செய்தால் கையைப் பார்க்கிறார்கள். இரண்டாம் முறை மிக மெதுவாக, ஒவ்வோர் அசைவையும் சொல்லிச் சொல்லிச் செய்ய வேண்டும். மூன்றாம் முறை ஆசிரியர் ரம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, மாணவர் கட்டளையிட வேண்டும்: “மரத்தை வைஸில் இறுக்குங்க சார்”, “அசைத்துப் பாருங்க”, “இடது காலை முன்னால் வைங்க”. மாணவர் சொல்லாத எதையும் ஆசிரியர் செய்யக் கூடாது. வைஸை இறுக்கச் சொல்ல மறந்தால் மரம் வகுப்பின் முன்னால் கீழே விழும். சிரிப்பும் எழும், பாடமும் பதியும். நான்காம் முறைதான் ரம்பம் மாணவரின் கைக்குப் போக வேண்டும். இந்த மூன்றாம் கட்டத்தை நேரமில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் பலர். பிள்ளைக்கு எது புரியவில்லை என்பது காயம் பட்டபின் தெரிவதற்குப் பதிலாக முன்கூட்டியே தெரியவரும் ஒரே இடம் அதுதான் என்பதால், வேறெதைக் குறைத்தாலும் இதைக் குறைக்கலாகாது.

அறுக்கும் கோடு வைஸின் விளிம்புக்கு அருகிலேயே, ஓர் அங்குல தூரத்தில் இருக்க வேண்டும். தள்ளி இருந்தால் மரம் அதிரும். ஆட்காட்டி விரலை ரம்பத்தின் பக்கவாட்டில் நீட்டி வைத்தால் கைப்பிடி திருகாது. தோள், முழங்கை, மணிக்கட்டு, ரம்பம் ஆகியவை ஒரே நேர்க்கோட்டில் ஓட வேண்டும். தடம் விழுவதற்காகப் பெருவிரல் நகத்தை ரம்பத்துக்கு அண்டை கொடுப்பது தச்சர்களின் வழக்கம். பிள்ளைகளுக்கு நகத்துக்குப் பதிலாகச் சிறு மரத்துண்டு ஒன்றைக் கோட்டோரமாகக் கிளாம்ப் போட்டுக் கொடுக்க வேண்டும். பல் வெட்டும் திசைக்கு எதிராக இரண்டு மூன்று முறை மெல்ல இழுத்தால் தடம் பதிந்துவிடும். அதன்பின் ரம்பத்தின் எடையே அறுக்கும், கை அதை ஓட்டினால் போதும். அவ்வளவு நேரமும் மற்றக் கை எங்கே இருக்கும்? வைஸின் மறுபக்கத்தில், மேசை விளிம்பைப் பற்றியபடி இருக்கும். அதற்கு இடம் குறிக்க மேசையின் மேல் ஒரு கையின் வடிவத்தை வண்ணத்தால் வரைந்து வையுங்கள், “கை எங்கே?” என்று கேட்டால் பிள்ளை தானே திருத்திக்கொள்ளும். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு அந்த வடிவத்தை எதிர்ப்பக்கத்திலும் வரைய வேண்டும். வலக்கையால் அறுக்கச் சொல்லி வற்புறுத்துவது தேவையற்ற ஆபத்து. மரம் முழுதும் அறுபடுவதற்குச் சற்று முன் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதையும், துணுக்கு கீழே விழட்டும், பிடிக்கக் கை நீட்டாதே என்பதையும் தனியாகச் சொல்ல வேண்டும். மரத்தூளை வாயால் ஊதினால் கண்ணுக்குள்தான் போகும்; தூரிகையால் தள்ள வேண்டும்.

மற்றக் கைக்கருவிகள்

சுத்தியலில் விரல் நசுங்குவதைத் தவிர்க்க ஆணியைத் துணிக் கிளிப்பால் கவ்விப் பிடிக்கச் செய்வதே போதுமான தீர்வு. கால் கிலோ எடைக்கு மேற்பட்ட சுத்தியல் இந்த வயதுக்கு வேண்டாம். ஆணியை வாயில் கவ்விக்கொள்வதை ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது.

திருப்புளியைப் பற்றி எவரும் எச்சரிப்பதில்லை. கூரில்லாத கருவிதானே என்ற எண்ணம். பொருளை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அதன்மேல் திருப்புளியை அழுத்தித் திருகும் பிள்ளைக்கு, அது வழுக்கினால் உள்ளங்கையில்தான் இறங்கும். ஆகவே சிறு பொம்மையைக் கழற்றுவதானாலும் மேசையில் வைத்தே கழற்ற வேண்டும். முனை திருகின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தாவிட்டால் வேறு அளவை எடுக்க வேண்டும்.

அரத்தின் வால்முனைக்குக் கைப்பிடி போடாமல் பயன்படுத்துவது பல பட்டறைகளில் காணும் அலட்சியம். அரம் எங்காவது தட்டி நின்றால் அந்தக் கூர்முனை உள்ளங்கையைத் துளைக்கும். கைப்பிடியில்லாத அரத்தைப் பெட்டியிலிருந்தே அகற்றிவிட வேண்டும். இரும்புத் துகளைக் கையால் துடைக்காமல் தூரிகையால் துடைக்க வேண்டும். ஹேக்ஸா பிளேடின் பற்கள் கைப்பிடியிலிருந்து விலகி முன்னோக்கியிருக்குமாறு மாட்டி, தொய்வின்றி இறுக்க வேண்டும்.

உளியை எட்டாம் வகுப்புக்கு முன் கொடுக்க வேண்டாம். கொடுக்கும்போது இரு கைகளும் வாய்க்குப் பின்னால் இருக்க வேண்டும். ஒரு கையில் உளி, மறு கையில் கொட்டாப்புளி என்று இருந்தால் இது தானாக அமைந்துவிடும். மழுங்கிய உளி பாதுகாப்பானது என்று நினைத்துச் சாணை பிடிக்காமல் வைத்திருப்பவர்கள் உண்டு. மழுங்கியதைச் செலுத்தப் பலம் தேவைப்படும், பலத்தோடு வழுக்கும் உளி ஆழமாக வெட்டும். ஆயுத பூசைக்குச் சந்தனமும் குங்குமமும் இட்ட கருவிகளை மறுநாளே துடைத்து எண்ணெய் பூச வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். ஈரச்சந்தனம் இருந்த இடத்தில் துரு ஏறும். அந்த நாளையே ஆண்டுச் சோதனை நாளாகக் கொண்டு, மாணவர்களோடு அமர்ந்து ஒவ்வொரு கைப்பிடியையும் ஆட்டிப் பார்ப்பது நல்ல வழக்கம்.

கத்தி, கத்தரிக்கோல் போன்றவற்றைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும், கீழே வைத்தால்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வதுண்டு. சண்டை வருமோ வராதோ, பட்டறைக்கு அதைவிடச் சிறந்த விதி இல்லை. ஒருவர் மேசையில் வைக்க, அவர் கை முற்றிலும் விலகியபின் மற்றவர் எடுக்கட்டும். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த விதி என்பதால் மறப்பதும் இல்லை.

மின்கருவி

நடுநிலை வகுப்புகளுக்குப் பேட்டரியில் ஓடும் சிறிய டிரில் ஒன்றே போதும். ஆங்கிள் கிரைண்டர், வட்ட ரம்பம், மின் இழைப்புளி, வெல்டிங் ஆகியவை கற்பிக்கப்படாமலிருப்பது மட்டும் போதாது, வகுப்பு நடக்கும் அறையில் இருக்கவே கூடாது. மின்சாரத்தில் ஓடும் டிரில்தான் கிடைக்கிறது என்றால், மூன்று முனை பிளக்கும் எர்த் இணைப்பும் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இருப்பதை எலக்ட்ரீஷியனைக் கொண்டு உறுதிசெய்தபின் தொடங்க வேண்டும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஓடாத டிரில்லோடு ஒரு பாடவேளை முழுதும் நிற்கவும் பிடிக்கவும் பழக்குங்கள். பொருளைக் கிளாம்ப் போட்டு, அடியில் வேண்டாத பலகை ஒன்றை வைத்து, பிட் என்ற துளையிடும் முனை இறுகியிருப்பதையும், அதை இறுக்கும் சக் சாவி எடுக்கப்பட்டிருப்பதையும் வாய்விட்டுச் சொல்லச் செய்தபின் பேட்டரியை மாட்டலாம். கையுறை இங்கே ஆகாது. சுழலும் பிட் துணியைச் சுற்றி விரலையும் இழுக்கும். மின்வெட்டு வந்தால் முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்பது நம் ஊருக்குக் கட்டாயப் பாடம். ஓட்டப் பொத்தான் பூட்டிய நிலையில் மேசையில் கிடக்கும் டிரில், மின்சாரம் திரும்பியதும் தானாகச் சுழலத் தொடங்கும்.

ஊர்த் தச்சரை அழைக்கும்போது

அழைப்பது மிக நல்லது. கைத்திறன் என்றால் என்ன என்று அவரைப் பார்த்துத்தான் பிள்ளைகள் அறிவார்கள். ஆனால் வகுப்புக்கு ஒரு நாள் முன்னதாகவே அவரைத் தனியே சந்தித்து, “அண்ணே, பிள்ளைகள் நீங்கள் செய்வதை அப்படியே செய்யும், அதனால் நாளைக்கு ஒரு நாள் நின்றுகொண்டு, வைஸில் மாட்டி, கண்ணாடி போட்டுச் செய்து காட்டுங்கள்” என்று மரியாதையோடு கேட்டுக்கொள்ள வேண்டும். வகுப்பின் நடுவே திருத்துவது அவரைச் சிறுமைப்படுத்துவதாகும். அவர் வந்திருக்கும் வாய்ப்பைக் கொண்டு உடைந்த பெஞ்சுகளைப் பிள்ளைகளை வைத்துப் பழுதுபார்க்கும் யோசனையும் எழும். 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு அமர்த்தக் கூடாது என்பது சட்டம்; அதன் எழுத்துக்கு வகுப்பறை உட்படுகிறதோ இல்லையோ, கற்றலுக்கான வேலைக்கும் பள்ளியின் செலவை மிச்சப்படுத்தும் வேலைக்கும் இடையிலுள்ள கோட்டை ஆசிரியர் காக்க வேண்டும். அவசரமும் அளவும் புகுந்த இடத்தில் பாதுகாப்பு தங்காது.

காயம் பட்டால்

பெற்றோரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலை வாங்கும்போதே பிள்ளைக்கு 10 வயதில் போட வேண்டிய டி.டி. (டெட்டனஸ், டிப்தீரியா) தடுப்பூசி போடப்பட்டதா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வெட்டுக்காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை மேலே தூக்கி வைக்க வேண்டும். காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதையும் அப்பக் கூடாது. ஏதேனும் ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்காமல், அசையாதபடி கட்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சூடுபட்ட இடத்தில் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரை ஓடவிட வேண்டும். கண்ணில் துகள் விழுந்தால் கசக்காமல் தண்ணீரால் அலசலாம். குத்தியது என்ற ஐயம் இருந்தால் அலசவும் வேண்டாம், காகிதக் குவளை ஒன்றை அழுத்தம் படாமல் கண்மேல் கவிழ்த்து ஒட்டி உடனே அழைத்துச் செல்ல வேண்டும். அண்ணா நகரில் அரவிந்த் கண் மருத்துவமனையும் நகருக்குள் அரசு ராஜாஜி மருத்துவமனையும் இருப்பது மதுரைக்காரர்களின் பேறு, எனினும் டி.கல்லுப்பட்டிப் பக்கத்துப் பள்ளி அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் எண்ணையும், 108 என்ற எண்ணையும் சுவரில் பெரிதாக எழுதி வைக்க வேண்டும்.

கணக்கும் குறிப்பேடும்

கருவிகளை ஒட்டுப்பலகை ஒன்றில் மாட்டி, ஒவ்வொன்றின் வெளிக்கோட்டையும் கறுப்பு வண்ணத்தால் வரைந்துவிட்டால், எது குறைகிறது என்பது எண்ணாமலே தெரியும். பலகை நிறைந்தபின்பே கதவு திறக்க வேண்டும். மணி அடித்துவிட்டது என்பது காரணமாகாது. கடைசிப் பத்து நிமிடத்தை அதற்கென்றே ஒதுக்குங்கள்.

குறிப்பேடு ஒன்றும் வேண்டும். காயங்களோடு, காயமாகாமல் தப்பியவற்றையும் அதில் எழுத வேண்டும்: வழுக்கிய ரம்பம், கழன்ற சுத்தியல் தலை, மேசையிலிருந்து உருண்ட உளி. தேதி, கருவி, மேசை எண், பொருளை எது பிடித்திருந்தது ஆகிய நான்கு குறிப்புகள் போதும். மாணவரின் பெயர் வேண்டாம். திட்டு விழும் என்று அஞ்சும் பிள்ளை கீறலைக் கால்சட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும். ஆகவே சொன்னவருக்குத் தண்டனை கிடையாது என்பதை அறிவித்தால் மட்டும் போதாது, முதலில் சொல்லும் பிள்ளையை வகுப்பின் முன் பாராட்டிக் காட்டவும் வேண்டும். மாதம் ஒருமுறை மாணவர்களையே அந்தப் பக்கங்களைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரே மேசை எண் திரும்பத் திரும்ப வந்தால் அந்த வைஸின் போல்ட்டைப் பாருங்கள். ஒரே கருவி வந்தால் அதைச் சாணைக்கு அனுப்புங்கள். நான்காம் குறிப்பில் ‘கை’ என்ற சொல் வந்தால், அந்த வேலைக்கு ஒரு கிளாம்ப் வாங்கும்வரை அதைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.